காப்புக் கட்டிய கையில் குட்டிநாய்க் கடி

காமன் கூத்துக்குக் காப்புக் கட்டி விரதமிருந்த மதன் வேடக்காரரை, கம்பம் ஊன்றிய பிறகு, தேயிலைத் தோட்டத்து எல்லை தாண்டிப் பதுளைக்குக் கூட்டிப் போனவள் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது. இதைக் கொஞ்சம் அடக்கமாகச் சொல்லலாமே என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அந்த எண்ணம் இல்லை. நம் லயத்து வரிசை வீடுகளில் என்னோடு வளர்ந்து, இப்போது கொழும்பிலும் டுபாயிலும் பண்டாரவளைக் கடைகளிலுமாகச் சிதறிப்போன உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் மூன்று பேர் அந்த ஊசிக்கு ஊரே கேட்க அழுதவர்கள். பெயர் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்.

போன மாதம் உங்களில் ஒருத்தி கைபேசிக் குழுவில் கேட்டிருந்தாள்: “புள்ளைய நாய்க்குட்டி கீறிருச்சு, கோப்பித்தூள் வச்சாச்சு, போதும்தானே?” போதாது என்று ஒரே வரியில் பதில் போட்டேன், பிள்ளையை அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகுதான் தொலைபேசியை வைத்தேன். அதற்குப் பிறகு யோசித்தேன். அந்த மாசி மாதம் நம்மில் பாதிப்பேருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

மாசியில் நம் மலை எப்படி இருக்கும்! காலையில் தேயிலைச் செடிகளின் மேல் பனி நூல்நூலாகக் கிடக்கும். வெயில் ஏறினால் தெமோதரைப் பக்கத்து ரயில் சத்தம் அடுத்த லயத்தில் கேட்பதுபோலக் கேட்கும். அந்த மாதம் முழுக்கத் தப்பு மேளச் சத்தம்தான். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லும்போதுகூட நாம் அந்தத் தாளத்தில்தான் சொல்வோம்.

வெளியூரில் வளரும் உங்கள் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். தவத்தில் இருக்கும் சிவன்மேல் மதன் பூவம்பு விடுவான். சிவன் கண்ணைத் திறந்து அவனை எரிப்பார். ரதி அழுது மன்றாடிப் புருசனின் உயிரை வாங்குவாள். அதுதான் காமன் கூத்து. வளர்பிறையில் கம்பம் ஊன்றி, வேடக்காரர்களின் மணிக்கட்டில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டுவார்கள். கட்டிய பிறகு கவிச்சி கிடையாது, பாயில் படுக்கை கிடையாது, தோட்டத்து எல்லைக்கல்லைத் தாண்டவும் கூடாது. ஒரு வருடம் யாரோ ஒருவர் தாண்டிப் போய்க் கள்ளத்தனமாகத் திரும்பி வந்தாராம். அந்த வருட மழைக்கு மேல்மலை சரிந்து இறங்கியதாம். நம் எல்லோருக்கும் சோற்றோடு ஊட்டப்பட்ட கதை அது.

அந்த வருடம் மதன் என் மாமா. அம்மாவின் கடைசித் தம்பி. தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை. தோள் அகலமாக, மீசை மெலிசாக, நடந்து போனாலே வேடம் போட்டதுபோல இருப்பார். ரதி வேடம் போட்டவர் கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றுபவர். காமன் முடியும் வரை மீசையில்லாமல் இருக்க வேண்டியிருந்ததால் வாயைத் துணியால் மூடிக்கொண்டு வேலைக்குப் போவார். “தாலி கட்டுனவளே என்னைய இப்பிடிப் பாத்துப் பாத்துச் சிரிக்கல” என்று எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொள்வார்.

இனி, குட்டி. நினைவிருக்கிறதா? கறுப்பு உடம்பு, ஒரு முன்னங்கால் மட்டும் வெள்ளை. பெரிய ரோட்டோரம் யாரோ விட்டுப்போனதை நாம்தான் தூக்கி வந்தோம். அம்மாவின் பழைய பிரப்பங்கூடையில் சாக்கை விரித்துப் படுக்க வைத்தோம். கொழுந்துக் கறையும் குட்டியின் பால் மணமும் கலந்த அந்தக் கூடையின் வாசனையை இப்போது எங்கே தேடுவது? இப்போது கொழுந்தெடுக்கப் போகிற எல்லோரும் தோளில் பையைத்தான் மாட்டுகிறார்கள்.

குட்டி கொஞ்ச நாளில் மாறியது. பாலை நக்கவில்லை. விறகுக்கட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. குரல் கம்மிப்போனது. ஈரமில்லாத இடத்திலும் அதன் கழுத்து நனைந்தே இருந்தது.

“குளிர் புடிச்சிருக்கும்டி” என்றார் அம்மா.

“பல்லு மொளைக்குது, அதான் எச்சி வடியுது” என்றார் அப்பா.

லயத்தில் யாரிடம் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். வெறி என்றால் அது பெரிய நாய்க்கு வருவது. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ரோட்டில் ஓடும் அந்நிய நாய்க்கு வருவது. நம் கூடையில் தூங்கும் குட்டிக்கு வராது. நம் ஒவ்வொரு தும்மலுக்கும் கொத்துமல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்த பெரியவர்கள் இதில் மட்டும் எவ்வளவு தவறாக இருந்தார்கள்!

எனக்கு மட்டும் அந்த எச்சில்மேல் சந்தேகம். காரணம், நம் டீச்சர். பதுளைக் கடைவீதியிலிருந்து வந்து, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் தங்கியிருந்தாரே, அவர்தான். நாய்க்கடிக்கு என்றே ஒரு நாள் முழுப் பாடம் எடுத்தார். மைதானத்தில் நம்மை நிறுத்தி, நாயைக் கண்டால் ஓடாதே, கத்தாதே, கண்ணை உற்றுப் பார்க்காதே, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு மரம்போல நில் என்று செய்துகாட்டினார். விழுந்துவிட்டால் பந்துபோலச் சுருண்டு காதையும் கழுத்தையும் மூடிக்கொள்ளச் சொன்னார். சாப்பிடுகிற நாயிடமும் குட்டி போட்ட நாயிடமும் போகவே கூடாது என்றார். அன்று நம்மில் நாயாக நடித்துக் குரைத்தவர் இன்று வங்கியில் அதிகாரி. அவரிடம் கடன் கேட்கப் போகிறவர்கள் இதை ஞாபகப்படுத்தலாம்.

கடித்தால்? அதை வகுப்புக்குள் வந்து சொன்னார். சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். “மணிக்கூடு இல்லாதவங்க ஒண்ணாம் வாய்ப்பாட்டுலருந்து பன்னெண்டாம் வாய்ப்பாடு வரைக்கும் ஆறுதலாச் சொல்லுங்க. முடிஞ்சா திரும்பவும் சொல்லுங்க” என்றார் டீச்சர். அதன் பிறகு நேரே ஆஸ்பத்திரி. நோய் வெளியே தெரிந்துவிட்டால் அதற்கு மருந்தே இல்லை என்றும் சொன்னார். அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குத் தொடர்ந்து போன முதல் ஆள் நான். டீச்சர் சொன்னது எனக்கு வேதம்.

அது ஒரு சனிக்கிழமை. மாமா வேலை முடிந்து எங்கள் காம்பரா வீட்டுக்கு வந்தார். விறகுக்கட்டுக்கு அடியில் முனகிய குட்டியை, “வாடா சின்னையா, ஒனக்கும் ஒரு வேசம் குடுக்கச் சொல்றேன்” என்று இழுத்தார். குட்டி அவருடைய வலது பெருவிரலைக் கவ்விக்கொண்டது. விடவில்லை. அவர் உதறிய பிறகுதான் விட்டது. காப்புக் கட்டிய மணிக்கட்டு வரை இரத்தம் இறங்கியது.

அம்மா கோப்பித்தூள் டப்பாவைத் திறந்துவிட்டார்.

“அம்மா, போடாதீங்க! மாமா, பீலிக்கு வாங்க.”

“ஒரு கொசுக் கடிச்ச மாதிரி இருக்கு. இதுக்குப் போய்...”

“வாங்கன்னா வாங்க!”

சிவப்புச் சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்துப் போனேன். பீலியில் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். மூங்கில் குழாயிலிருந்து விழும் அந்தத் தண்ணீர் எப்படிக் குளிரும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? மாமாவின் கையை அதற்குக் கீழே பிடித்து, சவர்க்காரம் தேய்த்து, ஓரொன்று ஒன்று என்று தொடங்கினேன்.

“என்னடி, இப்பவே மாமனுக்குக் கை கழுவி விடுற? கட்டிக்கப் போறியா?” என்றார் ஒருவர்.

“வாய்ப்பாடு சொல்லியா கல்யாணம்? ஐயர் செலவு மிச்சம்!” என்றார் இன்னொருவர்.

பீலியே சிரித்தது. மாமாவுக்கு வெட்கம். “மருமகளே, போதும்டா, கை மரத்துப் போச்சு.”

“ஏழாம் வாய்ப்பாடுதான் முடிஞ்சிருக்கு. அசையாதீங்க.”

என் காது சூடாகியிருந்தது. ஆனால் பன்னிரண்டாம் வாய்ப்பாடு முடியும் வரை நான் அவர் கையை விடவில்லை. முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். சிரித்தவர்கள் குளித்து முடித்துப் போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தபோது மாமா சிரிப்பை நிறுத்தினார். “காப்புக் கட்டியிருக்கேன் புள்ள. எல்லையத் தாண்டுறதா? காமன் முடியட்டும், போவோம்.” அப்பாவும் அதையே சொன்னார். காமன் முடிய இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தொப்புளச் சுத்தி ஊசி போடுவாங்களாமே, நெசமா?” என்று கேட்டார்.

ஞாயிறு காலையில் குட்டி செத்துக் கிடந்தது. வாயைச் சுற்றி நுரை காய்ந்திருந்தது. அப்பா அதை ஒரு குச்சியால் தள்ளி ஓடையில் போடப் போனார். நான் குறுக்கே நின்று கத்தினேன். தொடவும் கூடாது, போடவும் கூடாது என்று ஒரு வாளியைக் கவிழ்த்து மூடிவிட்டு, டீச்சரின் அறைக்கு ஓடினேன்.

டீச்சர் தலைகூடச் சீவவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. உடனே சுகாதாரப் பரிசோதகருக்குத் தொலைபேசியில் சொன்னார். பிறகு என் தோளைப் பிடித்தார்.

“மாமா இன்னைக்கே பதுளைக்குப் போகணும். நாளைக்கு இல்ல.”

“நீங்க வந்து சொல்லுங்க டீச்சர்.”

“நான் வெளியாள். காப்புக் கட்டின எடத்துல நான் பேசினா சண்டைதான் வரும். அது உன் தோட்டம். நீ பேசு.”

காமன் பொட்டலில் அன்று ஆண்கள் எல்லோரும் இருந்தார்கள். கம்பத்தைச் சுற்றி வேலி கட்டிக்கொண்டிருந்தார்கள். கூத்தை நடத்தும் மாஸ்டர் கல்லில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பெண்பிள்ளைகள் அந்த வேலிக்குள் போவதில்லை. நான் வேலிக்கு வெளியிலேயே நின்றேன். ஆனால் பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் பேசுகிற குரலை எடுத்தேன்.

“மாஸ்டர்! மாமாவைக் கடிச்ச குட்டி செத்துப்போச்சு. மாமா இன்னைக்கு ஊசி போடணும். நீங்க விட்டாத்தான் போவாரு.”

தப்பு மேளத்தின் தோலை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

“யாரு புள்ள நீ? காப்போட எல்லை தாண்டச் சொல்றியா? மண்ணு சரிஞ்சா நீயா தூக்கி வைப்ப?” என்றார் மாஸ்டர்.

“மண்ணு சரியுறது எனக்குத் தெரியாது மாஸ்டர். இந்த நோயி வந்தா என்ன ஆகும்னு தெரியும். தண்ணி தாகம் எடுக்கும், தண்ணியைப் பாத்தாலே தொண்டை இழுத்துக்கும். வந்துட்டா பதுளையிலயும் மருந்து இல்ல, கொழும்புலயும் இல்ல. வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான் ஊசி.”

“குட்டி கடிச்சதுக்கா இவ்வளவு?”

“குட்டியோ பெருசோ, எச்சி ஒண்ணுதான்.”

மாமா வேலிக்குள் தலை குனிந்து நின்றார். அப்போது என் வாயில் அந்தச் சொற்கள் எப்படி வந்தன என்று எனக்கு இன்றும் தெரியாது.

“எரிஞ்ச மதனை ரதி அழுது எழுப்பிருவா. எங்க மாமாவை யாரு மாஸ்டர் எழுப்புவா?”

தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்த ரதிக்காரர் எழுந்தார். “மாஸ்டர், என்னைய நம்பாதீங்க. சாமிகிட்ட எனக்கு அவ்வளவு செல்வாக்கெல்லாம் இல்ல. மேடையில அழுவேன். நெசத்துல இவன் போயிட்டா நான் எங்க போயி அழுவேன்?”

சிலர் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. வெற்றிலையை மடித்தபடியே வாயில் போடாமல் வைத்திருந்தார். பிறகு எழுந்து கம்பத்தடிக்குப் போனார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். தன் தோள் துண்டின் ஓரத்தைக் கிழித்து, அதில் மண்ணை முடிந்து, மாமாவின் இடுப்பில் கட்டினார்.

“நீ தோட்டத்த விட்டுப் போகல. தோட்டம் ஒன்கூட வருது. வெளியில பச்சத் தண்ணியத் தவுர ஒண்ணும் வாயில படக்கூடாது. போயிட்டு நேரா இங்க வா.” பிறகு என்னைப் பார்த்தார். “நீதான கேட்ட? நீயே கூட்டிட்டுப் போ.”

அந்த மனிதரைப் பலகாலம் முரடர் என்று நினைத்திருக்கிறேன். கடைசிக் கணத்தில் ஒரு வழி கண்டுபிடிக்கத் தெரிந்தவரை அப்படிச் சொல்லக்கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

மாமா, அம்மா, நான், ரதிக்காரர் என நான்கு பேரும் பஸ்ஸைப் பிடித்தோம். “மதன் போற எடத்துக்கு ரதி வராம எப்பிடி?” என்று அவரும் ஒரு பிடி மண்ணை இடுப்பில் முடிந்துகொண்டு தானாகவே தொற்றிக்கொண்டார். எல்லைக்கல்லை பஸ் தாண்டும்போது மாமா இடுப்பு முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். நான் சன்னல் வழியாக மேல்மலையைப் பார்த்தேன். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சிங்களத்தில் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தை முதல் முறையாக உண்மையான ஒரு மனிதரிடம் பேசினேன். எப்போது கடித்தது, என்ன மிருகம், அது இப்போது எங்கே, காயத்தில் என்ன போட்டீர்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். சவர்க்காரம் போட்டுப் பீலியில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கழுவினோம் என்றதும் நர்ஸம்மா பேனாவை வைத்துவிட்டு, யார் கழுவியது என்று கேட்டார். நான் என்றேன். பக்கத்தில் நின்ற டாக்டரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த எந்தச் சான்றிதழும் அந்த விரல் நீட்டலுக்கு ஈடில்லை.

ஊசி தொப்புளைச் சுற்றி இல்லை. புஜத்தில் ஒன்று, கடிவாயைச் சுற்றி மருந்து. இரண்டாவது வலித்திருக்க வேண்டும். மாமா சுவரைப் பார்த்து உதட்டைக் கடித்தார்.

“சிவன்மேலயே அம்பு விடுற ஆளு, ஒரு ஊசிக்கு இப்பிடி முழிக்கிறியே” என்றார் ரதிக்காரர்.

“அம்பு நான் விடுறது. இது எனக்குல்ல விடுறாங்க!”

அதைச் சிங்களத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நர்ஸம்மா சிரித்துவிட்டார். நாங்கள் கிளம்பும்போது அவர் கேட்டதுதான் என்னை உலுக்கியது. அந்தக் குட்டியோடு வேறு யார் விளையாடினார்கள்?

நீங்கள்தான். அதன் வாய்க்குள் விரல் விட்டவர்கள், முகத்தை நக்கக் கொடுத்தவர்கள், கூடைக்குள் சேர்ந்து படுத்தவர்கள். நானும்தான்.

மறுநாள் காலையில் நீங்கள் யாரும் மறக்க முடியாத அந்த ஊர்வலம். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆளைக் கூட்டி, யார் யார் பிள்ளைகள் குட்டியைத் தொட்டார்கள் என்று மாஸ்டரே சத்தம் போட்டுக் கேட்டார். கொழுந்து லொறியில் நம்மை எல்லாம் ஏற்றினார்கள். தப்புக்காரர் ஒருவர் அழுகையை நிறுத்தத் தப்படித்துக்கொண்டே வந்தார். பதுளைக் கடைவீதியில் சனம் கல்யாண லொறி என்று நினைத்துக் கை காட்டியது. ஆஸ்பத்திரியில் எனக்குத்தான் முதல் ஊசி. நான் அழவில்லை. அதற்குப் பிறகு யார் அழுதீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

அடுத்தடுத்த ஊசிகளுக்கும் மாமா அதே முடிச்சோடு போய்வந்தார். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

சுகாதாரப் பரிசோதகர் எடுத்துப்போன குட்டிக்கு வெறிநோய் இருந்தது உறுதியாகிவிட்டது என்ற செய்தி, காமன் எரிக்கும் நாளின் பகலில் வந்தது. டீச்சர்தான் பொட்டலுக்கு வந்து சொன்னார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, தம்பியின் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அரிதாரம் அப்பிய அந்தக் கையிலிருந்து அம்மாவின் கன்னம் முழுக்கப் பச்சை ஒட்டியது. துடைக்க விடவில்லை அவர். மறுநாள் கொழுந்து எடுக்கப் போகும்போதும் காதோரம் பச்சை இருந்தது.

அந்தக் கூத்தில் ரதி அழுததுபோல அதற்கு முன்னும் பின்னும் யாரும் அழவில்லை. மதன் எழுந்தபோது பெண்கள் போட்ட குலவை எதிர்மலை லயத்துக்குக் கேட்டதாம்.

பங்குனியில் நாய்களுக்கு ஊசி போட ஆட்கள் வந்தார்கள். நம் லயத்து நாய்களைப் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தினோம். உரச்சாக்கில், சேலைத் தலைப்பில், கழுத்தில் கயிறோடு. பிந்தி வருகிறவர்களுக்கு அரைநாள் சம்பளம் மட்டும் எழுதும் கங்காணி, பழக்கத்தில் பேர் கூப்பிட்டார்: “மணி! கறுப்பி! டைகர்! டைகர் வரலையா, அரைப்பேர் போடவா?” ஊசி போட்ட ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் சிவப்புப் பட்டி. டைகர் தன் பட்டியை அன்றே கழற்றித் தின்றது.

இப்போது நான் பதுளையில் வெள்ளைச் சீருடையில் வேலை செய்கிறேன். மலையிலிருந்து யாராவது கையில் துணி சுற்றிக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தால், அவர்களோடு எந்த மொழியில் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும். மாமாவின் தலை நரைத்துவிட்டது. அவருடைய மூத்த மகள் பல்கலைக்கழகம் போகிறாள்.

அதற்கு அடுத்த வருடம் காப்புக் கட்டும் நாளில் மாஸ்டர் மஞ்சள் நூலைக் கையில் எடுத்தார். கட்டவில்லை. வேலிக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்து, “உள்ள வா புள்ள, நீ கேளு” என்றார். நான் வேடக்காரர்கள் முன்னால் போய் நின்று கேட்டேன்: “யாரையாவது நாயோ பூனையோ கடிச்சிருக்கா, கீறியிருக்கா?” யாரும் இல்லை என்ற பிறகுதான் முதல் காப்பு. மாஸ்டர் காலமாகிவிட்டார். கேள்வி நிற்கவில்லை. ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளை ஒருத்தி வேலிக்குள் போய் அதைக் கேட்கிறாள். அதுவும் விரதத்தில் ஒன்றாகிவிட்டது. இந்த மாசியில் நானும் போயிருந்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். வீரபத்திரன் வேடம் போட இருந்த பெரிய மீசைக்காரர் மெதுவாகக் கை தூக்கினார். பூனை கீறியதாம். அவரை அந்த நிமிடமே பதுளைக்கு அனுப்பிவிட்டு, கம்பமும் தப்பும் தோட்டத்துச் சனமும் அவர் வரும் வரை காத்திருந்தோம்.